முருங்கை இலையில் வினைபுரிவது எது?

கேள்வி: முருங்கைக் கீரையில் ஆன்டிஆக்ஸிடன்ட் மிகுதி என்கிறார்கள். வேதியியல் படிக்கும் என் மகள், குரோமட்டோகிராபி மூலம் அதை அளக்கலாம் என்கிறாள். அந்த முறை உண்மையில் எதை அளக்கிறது?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: குரோமட்டோகிராபி பொருள்களைப் பிரித்துத்தான் தரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட் இதை உருவாக்கியதே இலையின் நிறமிகளைப் பிரிப்பதற்காகத்தான். ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலை அளக்க வேறொரு வேதிவினை வேண்டும். அதற்குப் பெரிதும் பயன்படுவது டிபிபிஎச் என்னும் ஊதா நிறச் சேர்மம். இணையில்லாத ஒற்றை எலக்ட்ரானைக் கொண்ட அதற்கு ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட் ஹைட்ரஜனைக் கொடுத்தால், ஊதா மறைந்து வெளிர்மஞ்சள் தோன்றும். 517 நானோமீட்டர் ஒளியை அது உட்கவர்வதும் குறையும்.

இலைச்சாறு முழுவதையும் சோதனைக்குழாயில் இதனுடன் கலந்தால் மொத்த ஆற்றல் தெரியுமே தவிர, அது எந்தப் பொருளால் வந்தது என்பது தெரியாது. இரு முறைகளையும் இணைப்பதன் அருமை இங்கேதான் இருக்கிறது. சிலிக்கா தகட்டில் சாற்றை ஏறவிட்டுப் பிரித்து, உலர்த்தி, டிபிபிஎச் கரைசலைத் தெளித்தால், ஊதாப் பின்னணியில் வினைபுரியும் பொருள்கள் மட்டும் மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். உயர் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பொருள்களைப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியிலோ, பிரிந்து வெளிவரும் திரவத்துடன் டிபிபிஎச் கரைசலைச் சேர்த்து ஒரு சுருள்குழாய் வழியே செலுத்துவார்கள். முதல் உணரி ஒவ்வொரு பொருளையும் மேல்நோக்கிய முகடாகக் காட்ட, இரண்டாவது உணரி வினைபுரிந்தவற்றை மட்டும் கீழ்நோக்கிய பள்ளமாகக் காட்டும்.

முருங்கை இலையில் குளோரோஜெனிக் அமிலமும், குவெர்செட்டின், கெம்ப்பெரால் என்னும் தாவரப் பொருள்கள் சர்க்கரையுடன் இணைந்த சேர்மங்களும் உள்ளன. குவெர்செட்டினின் ஒரு வளையத்தில் ஹைட்ரஜனைக் கொடுக்கவல்ல ஹைட்ராக்சில் தொகுதிகள் இரண்டு அடுத்தடுத்து இருக்க, கெம்ப்பெராலின் அதே வளையத்தில் ஒன்றுதான் இருப்பதால், டிபிபிஎச்சுடன் முன்னது வலுவாக வினைபுரிகிறது. ஆகவே பெரிய முகடு என்பதால் பள்ளமும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

இலையிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் இயல்பாகவே மஞ்சளானவை என்பதால், தெளிப்பதற்கு முன்பே தகட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும்படி மகளிடம் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்குத் தூய குவெர்செட்டினையும் அதே தகட்டில் வைக்கட்டும்.

இந்த எண்களை வைத்துக் கீரைகளைத் தரவரிசைப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். குவெர்செட்டின் குடற்சுவரிலும் கல்லீரலிலும் பெருமளவு உருமாறிய பிறகே இரத்தத்தில் சுற்றுகிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலைச் சோதனைக்குழாயில் அளக்கும் இன்னொரு முறையான ஓராக் அளவீட்டின் உணவுப் பட்டியலை, உடலில் ஏற்படும் விளைவை அது காட்டுவதில்லை என்பதால், அமெரிக்க வேளாண் துறை 2012இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கிவிட்டது.