பகா எண்ணைத் தேடும் நிரல்

அன்புள்ள ஐயா,

வணிகவியல் படித்த நான் இப்போதுதான் பைத்தான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். பகா எண்ணைக் கண்டுபிடி, மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடி என்றே பயிற்சிகள் வருகின்றன. பகா எண்ணுக்கு நான் எழுதிய நிரல் சரியான விடையைத் தருகிறது. ஆனால் 10,00,003 போன்ற பெரிய எண்களை வரிசையாகக் கொடுத்தால் திணறுகிறது. மீப்பெரு பொது வகுத்திக்கோ பைத்தானிலேயே ஆயத்தக் கட்டளை இருக்கிறது. இருப்பதை மறுபடி எழுதுவதால் என்ன பயன்? பள்ளியிலேயே எனக்குக் கணக்கு வராது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நிரல் திணறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் கணக்கு தொடங்குகிறது. நீங்கள் 2 முதல் அந்த எண்ணுக்கு முந்தைய எண் வரை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 36ஐ ஒரு தாளில் எழுதி அதன் வகுத்திகளை இணை இணையாகப் பிரியுங்கள்: 2×18, 3×12, 4×9, 6×6. அதற்குப் பிறகு வருபவை 9×4, 12×3 என்று பழைய இணைகளே திரும்பி நிற்பவை. எந்த இணையிலும் ஓர் எண்ணாவது வகுபடும் எண்ணின் வர்க்கமூலத்தைத் (இங்கே 6) தாண்டாது என்பதால், அதுவரை எதுவும் வகுக்காவிட்டால் அதற்கு மேலும் எதுவும் வகுக்கப்போவதில்லை. 10,00,003 ஒரு பகா எண். அதை உறுதிசெய்ய உங்கள் நிரல் பத்து லட்சம் முறைக்கு மேல் வகுக்கிறது. 2 முதல் 1000 வரை 999 முறை வகுத்தாலே போதும். பள்ளியில் வர்க்கமூலம் வெறும் செய்முறையாக வந்துபோயிருக்கலாம்; இங்கே அது ஒரு தேவையாக வந்து நிற்கிறது.

ஆயத்தக் கட்டளையை வேலையில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கற்கும்போது மட்டும் ஒருமுறையேனும் கையால் எழுதுங்கள் என்பேன். மீப்பெரு பொது வகுத்தியைக் காணக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த முறை ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடும். 1071ஐ 462ஆல் வகுத்தால் மீதி 147. 462ஐ 147ஆல் வகுத்தால் மீதி 21. 147ஐ 21ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே விடை 21. ஒவ்வொரு சுற்றிலும் எண்களை அச்சிடச் செய்து அவை சுருங்குவதைப் பாருங்கள். இரண்டு எண்களையும் வகுக்கும் எந்த எண்ணும் அவற்றின் மீதியையும் வகுத்தே தீரும். பெரிய எண்ணைத் தள்ளிவிட்டு மீதியை அதன் இடத்தில் வைத்தாலும் பொது வகுத்திகள் மாறாமல் இருப்பதற்கு அதுவே காரணம். இந்தக் காரணத்தை ஆயத்தக் கட்டளை உங்களுக்குக் காட்டுவதில்லை.

ஆனால் நிரல் சொல்வதையே நிரூபணமாகக் கொள்ளும் பழக்கம் வந்துவிடக் கூடாது, இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எதைக் கொடுத்தாலும் பகா எண்ணே கிடைக்கும். நாற்பது முறை தொடர்ந்து சரியாக வந்ததைக் கண்டவர் இது என்றும் பொய்க்காது என்று எழுதிவிடுவார். 40ஐக் கொடுத்தால் 1681 வருகிறது; அது 41ஐ 41ஆல் பெருக்கியது. காரணமும் எளிது: 40இன் வர்க்கத்தோடு 40ஐக் கூட்டினால் நாற்பது 41கள், அதோடு இன்னொரு 41. நிரல் உங்களை அந்த 40 வரை கொண்டுபோய் விடும், ஏன் என்பதைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நீங்களே பார்க்க வேண்டும்.

உங்கள் நிரலைத் திருத்தியதும் முதலில் 49ஐக் கொடுத்துப் பாருங்கள். எண்களை வரிசையாகத் தரும் பைத்தானின் ரேஞ்ச் (range) கட்டளை கடைசி எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது. 7 வரை என்று நினைத்து எழுதினால் அது 6லேயே நின்று, 49ஐப் பகா எண் என்று சொல்லிவிடும். அது சரியானபின் 1ஐயும் கொடுங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள்.