மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் கலைச்சொல் தொகுப்பில் (Glossary) ‘கர்மம்’ இரண்டாம் முறை ஏறவில்லையா?

தொகுப்பின் அமைப்புகளில் ஒரே சொல்லுக்குப் பல பதிவுகளை அனுமதிக்கும் தேர்வு ‘இல்லை’ என்றிருக்கும். அதை ‘ஆம்’ ஆக்குங்கள். முதல் மாணவர் ‘கர்மம்’ எழுதியதும் அடுத்தவருடையதை மூடில் மறுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆனால் சமய ஒப்பீட்டுப் பாடத்துக்கு ‘கர்மம் (சமணம்)’, ‘கர்மம் (பௌத்தம்)’ என்று தலைப்பையே பிரிப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். சமணத்தில் அது உயிரில் ஒட்டும் நுண்பொருள். பௌத்தத்தில் மனத்தின் நோக்கமே கர்மம். இரண்டையும் ஒரே தலைப்பில் கலந்தால் மாணவர் உழைப்பே வீண்.

சோதிக்க: உங்கள் கணக்கில் தெரியும் பதிவு மாணவர் கணக்கிலும் தெரிகிறதா? தெரியாவிட்டால் உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

ஒன்று கவனம்: ‘எப்போதும் திருத்தலாம்’ என்ற தேர்வை இயக்காவிட்டால், மாணவர் திருத்த வழக்கமாக 30 நிமிடம்தான் கிடைக்கும்.