பெயரைத் தேடுவதும் மெத்தடைத் தேடுவதும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் அலுவலகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ப்ராஜெக்ட்டுகள் கொண்ட பழைய சி ஷார்ப் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் பில் போடும் கிளாஸின் 'சேவ்' மெத்தடை எங்கெங்கே பயன்படுத்துகிறார்கள் என்று அறிய வேண்டும். பெயரைத் தேடினால் நூற்றுக்கணக்கான 'சேவ்'கள் வருகின்றன. சி ஷார்ப் கம்பைலரான ரோஸ்லினைக் கொண்டு, அது நிரலைப் பகுத்துத் தரும் சின்டாக்ஸ் ட்ரீயிலிருந்து அழைப்புகளை மட்டும் பொறுக்கிப் பார்த்தும் குழப்பம் தீரவில்லை. சரியான வழி எது? விடை பூஜ்யம் என்று வந்தால் மெத்தடை நீக்கிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

சின்டாக்ஸ் ட்ரீ எழுத்தின் அமைப்பை மட்டுமே அறியும். 'பில்.சேவ்()' என்ற வரியில் ஒரு பெயர், ஒரு புள்ளி, இன்னொரு பெயர், அடைப்புக்குறிகள் இருப்பதை அது சொல்லும். 'பில்' எந்த டைப்பைச் சேர்ந்தது என்பதைச் சொல்லாது. அதற்குத்தான், பெயர்களின் பொருளை அறிந்த செமான்டிக் மாடல் ரோஸ்லினில் இருக்கிறது. அதன் 'கெட் சிம்பல் இன்ஃபோ'விடம் அந்த இடத்தைக் காட்டிக் கேட்டால், ஒரே பெயருள்ள ஓவர்லோடுகளில் கம்பைலர் எதைத் தேர்ந்தது என்பது வரை தீர்த்து, அந்த மெத்தடைத் தனித்து அடையாளம் காட்டும் சிம்பலைத் தரும். நீங்கள் தேட வேண்டியது அந்தச் சிம்பலைத்தான்.

அழைப்புகளை மட்டும் பொறுக்கியதில் இன்னொரு இழப்பும் உண்டு. 'டைமர்.எலாப்ஸ்டு += சேவ்' என்று எழுதியிருந்தால் அங்கே அடைப்புக்குறி இல்லை, எனவே அது அழைப்பாகத் தெரியாது; ஆனால் குறித்த நேரம் வந்ததும் ஓடப்போவது உங்கள் மெத்தடே. 'நேம் ஆஃப்' வழியாகப் பெயரை மட்டும் எடுக்கும் இடங்களும் இப்படித் தப்பும்.

ஆகவே மெத்தட் எழுதப்பட்ட இடத்தில் 'கெட் டிக்ளேர்ட் சிம்பல்' மூலம் சிம்பலை எடுத்து, அதையும் முழு சொலூஷனையும் (எல்லா ப்ராஜெக்ட்டுகளின் தொகுப்பையும்) 'சிம்பல் ஃபைண்டர்' கிளாஸின் 'ஃபைண்ட் ரெஃபரன்சஸ் அசிங்க்'கிடம் ஒப்படையுங்கள். அது அந்தப் பெயர் வரக்கூடிய கோப்புகளை முதலில் பிரித்தெடுத்து, அவற்றில் மட்டுமே பொருளைச் சோதிக்கும். 'சேவ்' ஓர் இன்டர்ஃபேஸை நிறைவேற்றுவதாக இருந்தால், அந்த இன்டர்ஃபேஸ் வழியாக வரும் இடங்களையும் சேர்த்துத் தரும். இந்த வேலையை நாமே எழுதப் புகுந்தால் ஜெனரிக், எக்ஸ்டென்ஷன் மெத்தட் என்று ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுவோம்.

இனி பூஜ்யத்தைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு கருவி, பத்துக்கு மேற்பட்ட இடங்களில் பயன்படுவதை நான் கண்ணால் கண்ட மெத்தடுக்கு இரண்டே இடங்களைக் காட்டியது. சொலூஷனை ரோஸ்லினுக்குள் ஏற்றும் 'எம்எஸ்பில்ட் வொர்க்ஸ்பேஸ்' அதைத் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கணினியில், ப்ராஜெக்ட்டுகளுக்குத் தேவையான வெளி பேக்கேஜ்களை ரீஸ்டோர் செய்யாமல் விட்டிருந்தேன். டைப்புகள் பல தீராமல் நின்றதால் சிம்பல் கிடைக்க வேண்டிய இடங்களில் வெறுமைதான் கிடைத்தது, கருவியும் பிழை எதுவும் சொல்லாமல் முடித்துக்கொண்டது. அன்றிலிருந்து, வொர்க்ஸ்பேஸின் டயக்னாஸ்டிக்ஸ் பட்டியலையும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டின் கம்பைல் பிழைகளையும் பார்த்த பிறகே தேடத் தொடங்குகிறேன். பிழை ஒன்று மீந்திருந்தாலும் அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் பூஜ்யம் வந்தால், மூலநிரலில் கம்பைலர் அறிந்த பயன்பாடு இல்லை என்பது மட்டுமே உறுதி. பெயரைச் சரமாக வைத்து ரிஃப்ளெக்ஷனில் அழைப்பது, 'டைனமிக்' மாறி வழியாக அழைப்பது, உங்கள் டிஎல்எல்லை வேறொரு சொலூஷன் எடுத்துப் பயன்படுத்துவது ஆகிய எதுவும் இந்தத் தேடலில் அகப்படாது. எனவே உடனே நீக்காதீர்கள். மெத்தடின் மேல், 'இனி பயன்படுத்தாதீர்கள்' என எச்சரிக்கும் 'ஆப்சலீட்' குறியிட்டு, உள்ளே ஒரு லாக் வரி சேருங்கள். பில் சம்பந்தப்பட்டது என்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 கணக்கு முடிப்பில் மட்டும் ஓடும் நிரல் ஏதேனும் இருக்கக்கூடும். அந்த நாள் கடந்தும் லாக் காலியாக இருந்தால் நீக்குங்கள்.