ரெண்டு ஊற்று, ஒரு மொலி

கேள்வி: தம்பி, நியூ ஜேர்சியில இருக்கிற மகளிட்டப் போன இடத்தில மொன்மத் எண்ட, அமெரிக்க விடுதலைப் போர் நடந்த பழைய சண்டைக் களத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனவள். அங்க 'மொலி பிச்சர் ஊற்று' எண்டு ரெண்டு வேற வேற இடத்தில அடையாளம் வச்சிருக்கினம். எது சரி? சிப்பாய்மாருக்குக் குடத்தில தண்ணி கொண்டு ஓடி, புருசன் விழுந்த உடன அவன்ர பீரங்கியைப் பிடிச்சவ எண்டு சொல்லுற அந்த மொலி உண்மையா இருந்தவவோ?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அக்கா, ரெண்டுமே பின்னால வந்த ஆக்கள் வச்ச அடையாளம்தான், சண்டை நடந்த அண்டைக்கு ஆர் போர்ட் நட்டுக்கொண்டு நிண்டது! எங்கட நிலாவரைக் கிணறு மாதிரித்தான் இதுவும், ராமர் வானரப் படையின்ர தாகம் தீர்க்க அம்பு விட்ட இடம் எண்டு சொல்லுறம், ஆரும் அம்பைத் தேடிப் போறேல்லையே.

ஆனா தண்ணிக் கதை பொய்யில்லை. 1778 ஜூன் 28, கிட்டத்தட்ட 38 பாகை வெயில், குண்டு படாமல் வெக்கையிலயே செத்த சிப்பாய்மாரும் இருக்கினம். குடிக்க மட்டுமில்ல, பீரங்கிக்கும் தண்ணி வேணும், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத் துடைப்பத்தை உள்ள விட்டுத் துடைக்காட்டி மிச்ச நெருப்புப் பொறியில அடுத்த வெடிமருந்து சுடுறவன்ர கையிலயே வெடிச்சிடும். அதுதான் குடத்தோட ஓடின பொம்பிளையள் அங்க தேவைப்பட்டது. பிச்சர் எண்டா குடம், மொலி எண்டது மேரியின்ர செல்லப் பேர், அப்ப 'குடத்து மேரி' எண்டு வச்சுக்கொள்ளுங்கோவன்.

மேரி ஹேஸ் எண்டு ஒருத்தி உண்மையா இருந்தவ, புருசன் பீரங்கிப் படையில. 1822இல பென்சில்வேனியா அரசு அவவுக்கு வருசத்துக்கு 40 டொலர் குடுக்கச் சட்டமே போட்டது. அண்டைக்குச் சண்டையில நிண்ட ஜோசப் பிளம் மார்ட்டின் 1830இல எழுதின நினைவுக் குறிப்பிலயும் புருசனோட பீரங்கியில வேலை செய்த ஒரு மனிசி வாறா, எதிரியின்ர குண்டு அவவின்ர ரெண்டு காலுக்கு நடுவால பாவாடையைக் கிழிச்சுக்கொண்டு போச்சுதாம், நல்லகாலம் கொஞ்சம் மேல போகேல்லை எண்டு சொல்லிப்போட்டு வேலையைத் தொடர்ந்தாவாம். பேர்தான் எழுதேல்லை மனுசன்! மாக்ரெட் கோர்பின் எண்டவவும் 1776இல வாஷிங்டன் கோட்டையில நடந்த சண்டையில புருசன் விழுந்த பிறகு பீரங்கியைப் பிடிச்சுக் காயப்பட்டவ. அவவின்ர கதையும் மொலியின்ரயோட கலந்து போச்சு எண்டு கன ஆக்கள் நினைக்கினம், எனக்கும் அதுதான் சரியாப் படுது.

அடுத்த முறை போனா மகளிட்டச் சொல்லி கார்லைலுக்கும் போய்ப் பாருங்கோ, பென்சில்வேனியாவில, 1832இல செத்த மேரியின்ர கல்லறை அங்கதான், பக்கத்தில பீரங்கியும் வச்சிருக்கினம்.