பிசிக்ஸ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்? – தங்கச்சிமடத்துத் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

வணக்கம்மா.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் நர்சிங்கில் சேர்க்கச் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டில் பி.இ. கம்ப்யூட்டர் என்கிறார்கள், அவள் மட்டும் “பிசிக்ஸ்தான், சோலார் பேனல் ஆராய்ச்சிக்குப் போகணும்” என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15இலிருந்து படகு கரையில் கிடக்கும் 61 நாளுக்குள்தான் ரிசல்ட்டும் வருகிறது, காலேஜ் செலவும் வருகிறது. நம் கரையில் வருஷா வருஷம் இதே நெருக்கடிதான். அந்த நெருக்கடியில் நின்றுகொண்டு “பிசிக்ஸ் படிச்சா டீச்சர் வேலைய விட்டா வேற என்ன சார் இருக்கு?” என்று நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அன்று அவள் என்னிடம் காட்டிய நோட்டை உங்களிடம் காட்டினாளா? பள்ளிக்கூட மொட்டைமாடியில் இருக்கும் சோலார் பேனலின் இன்வெர்ட்டர் பெட்டியில் ஓடும் எண்ணை ஜனவரியிலிருந்து தினமும் மதியம் பன்னிரண்டரைக்குக் குறித்து வைத்திருக்கிறாள். லீவு நாள் மட்டும் காலியாக இருக்கிறது. “வெயில் ஏற ஏற கரன்ட்டும் கூடணும்ல சார்? மார்ச்சுல வெயில் கொளுத்துது, ஆனா பிப்ரவரியவிட ஒண்ணும் கூடலையே?” என்று கேட்டாள். பாடப் புத்தகத்தில் இருக்கும் கேள்வி இல்லை இது. மார்க் ஷீட்டை மட்டும் வைத்து நான் எந்தப் பிள்ளைக்கும் இயற்பியலைச் சொன்னதில்லை. இந்த நோட்டை வைத்துத்தான் உங்கள் மகளுக்குச் சொல்கிறேன்.

அவள் கேள்விக்கான பதிலை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அவள் எதன் பின்னால் போக ஆசைப்படுகிறாள் என்பது அதில் இருக்கிறது. நாம் கூரையில் வைக்கும் பேனல் சிலிக்கானால் ஆனது. 25 டிகிரி சூட்டில் அது எவ்வளவு மின்சாரம் தரும் என்பதைத்தான் பின்பக்க அட்டையில் அச்சடித்திருப்பார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். நம் ஊர் மதிய வெயிலில் பேனல் 65 டிகிரி வரை காய்ந்தால், 15 சதவீதம் அளவுக்கு அங்கேயே போய்விடும். இதற்கு மேல் கடல்காற்று கொண்டுவந்து அப்பும் உப்பும் புழுதியும் வேறு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது.

இன்னொரு சிக்கல் சிலிக்கானின் உடம்பிலேயே இருக்கிறது. வலையை வைத்துச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரருக்கும் புரியும். சூரிய வெளிச்சம் ஒரே மாதிரி மீன் கூட்டம் இல்லை. நீல ஒளி பெரிய மீன், சிவப்பு ஒளி சின்ன மீன், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இன்னும் பொடி. சிலிக்கானுக்கு ஒரே ஒரு வலைக்கண் அளவுதான். அதைவிடப் பொடி மீனெல்லாம் நழுவிப் போய்விடும். பெரிய மீன் மாட்டினாலும் பொடி மீனுக்கு உள்ள விலைதான் கிடைக்கும், மீதி ஆற்றல் சூடாக வீணாகும். அதனால் இப்படி ஒரே வலை வீசும் எந்தப் பேனலும், அதற்கு மிகப் பொருத்தமான பொருளை எடுத்துச் செய்தாலும், வருகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரமாக்க முடியாது என்று 1961லேயே ஷாக்லி, குவைசர் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

ஒரு வலைக்குக் கீழே இன்னொரு வலை கட்டினால்? மேலே பெரிய கண், கீழே சிறிய கண். மேல் வலை பெரிய மீனை அதற்குரிய விலைக்குப் பிடிக்கும், நழுவியதைக் கீழ் வலை பிடிக்கும். இதைத்தான் இப்போது உலகம் முழுக்கச் செய்துபார்க்கிறார்கள். கீழ் வலை பழைய சிலிக்கான். மேல் வலைக்கு வந்திருக்கும் பொருளின் பெயர் பெரோவ்ஸ்கைட். உங்கள் மகள் வீட்டில் அடிக்கடி சொல்லும் பெயர் இதுதான்.

1839இல் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு ஒரு ரஷ்யரின் நினைவாக வைத்த பெயர் இது. அந்தக் கனிமத்தின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்திலேயே அமைந்த பொருள்கள் எல்லாவற்றையும் இன்று இந்தப் பெயரில் அழைக்கிறார்கள். 2009இல் ஜப்பானில் மியாசகா குழுவினர் இந்த வகைப் பொருளில் முதன்முதலாகச் சோலார் செல் செய்தபோது அதன் திறன் 3.8 சதவீதம்தான். இன்றைக்கு ஆய்வகத்தில் அது தனியாகவே 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கானுக்கு மேல் அடுக்கிய இரட்டை வலை 34 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு என்று போட்டிருந்த வேலியைத் தாண்டியாகிவிட்டது அம்மா, அதுவும் பதினைந்தே வருஷத்தில்! சிலிக்கானை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். பெரோவ்ஸ்கைட்டை ஒரு திரவமாகக் கரைத்து, கண்ணாடி மேல் மெல்லிய பூச்சாகப் பூசி, ஏறக்குறைய தோசைக்கல் சூட்டிலேயே காயவைத்துவிடலாம். 2024இல் இரட்டை அடுக்குப் பேனல் விற்பனைக்கே வந்துவிட்டது.

அப்படியானால் நம் கூரைக்கு ஏன் இன்னும் வரவில்லை? ஈரம். மழைக்காலத்தில் கருவாடு நமத்துப் போவதுபோல, ஈரக்காற்று பட்டால் இந்தப் பொருள் கெட்டுவிடும். கறுத்த பூச்சு மெல்ல மஞ்சளாகும். அந்த மஞ்சள் ஈய அயோடைடு. சூடும் புற ஊதா ஒளியும் இதே கேட்டைச் செய்யும். சிலிக்கான் பேனலுக்கு 25 வருஷம் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். அதற்கு ஈடாக இதை உழைக்க வைப்பது எப்படி, உள்ளே இருக்கும் ஈயம் மண்ணில் இறங்காமல் காப்பது எப்படி, ஈயமே இல்லாமல் செய்ய முடியுமா – இன்றைய ஆராய்ச்சியில் பாதி இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் நடக்கிறது. வெயில், ஈரம், உப்பு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து அடிப்பது நம் பாம்பன் கரை. குளிர்நாட்டு ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சோதித்தது இங்கே தாங்குமா என்பதை இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். பாம்பன் பாலத்தின் இரும்பு படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி புதிதாகவா இருக்கும்?

பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. மண்டபம் கேம்ப்பில் காரைக்குடி ‘சிக்ரி’யின் கிளை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உப்புக்காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. தாய் நிறுவனமான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இன்றைக்கு அங்கே பேட்டரி, அரிமானத் தடுப்பு, ஆற்றலைச் சேமிக்கும் பொருள்கள் என்று வேலை நடக்கிறது. அதே ஊரில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. மதுரையில் காமராசர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை. உங்கள் மகள் வேண்டுகிற படிப்புக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. முதல் ஐந்து வருஷத்தை ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்திலேயே முடித்துவிடலாம்.

சோலார் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒளியை மின்சாரமாக்கும் அதே அறிவு, மின்சாரத்தை ஒளியாக்கவும் உதவும். உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்புக்கு உள்ளே இருப்பது ஒரு நீல விளக்கு. அந்த நீலத்தைச் செய்துகாட்டியவர்களுக்கு 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. குவாண்டம் புள்ளி என்று ஒன்று, 2023இல் வேதியியல் நோபல் பெற்றது. ஒரே பொருளைப் பொடியாக்கும் அளவை மாற்றினால் நிறமே மாறும். மிகப் பொடி நீலம், சற்றுப் பெரிது சிவப்பு. விலை கூடிய டிவிகளில் அதுதான் ஒளிர்கிறது. லித்தியம் பேட்டரிக்கு 2019இல் வேதியியல் நோபல். இவை எல்லாமே பொருளின் இயற்பியல்.

இனி காசுக் கணக்கு. இதில்தான் நிறைய பேர் பெற்றோரிடம் உண்மை சொல்வதில்லை.

பி.எஸ்சி. பிசிக்ஸ் மூன்று வருஷம் முடித்ததும் ஆராய்ச்சி வேலை கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கிடைக்காது. அது தொடக்கம்தான். அதற்குப் பிறகு எம்.எஸ்சி. இரண்டு வருஷம், பிறகு பிஎச்.டி. ஐந்து வருஷம் ஆகலாம். ஆனால் இந்தப் பத்து வருஷமும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் ஃபீஸ் மிகக் குறைவு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். எம்.எஸ்சி.க்கு ‘ஜாம்’ என்று ஒரு நுழைவுத் தேர்வு, பிப்ரவரியில் நடக்கும். அதை எழுதி வென்றால் ஐ.ஐ.டி.களில் இடம். அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், பிஎச்.டி. படிக்கும்போதே முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஆக உங்கள் தோளில் ஏறுவது முதல் ஐந்து வருஷம், அதிலும் பெரும்பகுதி சாப்பாடும் பஸ்ஸும்தான். நெட் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. அதையும் சேர்த்தே யோசியுங்கள். கிடைக்காவிட்டாலும் எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்து பள்ளிக்குப் போகலாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். நீங்கள் பயந்த அந்த டீச்சர் வேலை, இந்தப் பாதையில் விழுந்தால் தாங்கும் வலை.

தொழிற்சாலைப் பக்கமும் மாறிவிட்டது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் சோலார் செல்லும் பேனலும் செய்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் சிலிக்கானே இல்லாமல் காட்மியம் டெலுரைடு பூச்சில் பேனல் செய்கிறது. 2024 ஜனவரியில் திறந்தார்கள். இந்த மாதிரி இடங்களில் தரப் பரிசோதனைக்கும் உற்பத்தி முறையைச் செம்மைப்படுத்தவும் பொருள் அறிவியல் தெரிந்த ஆள் தேவை. கமுதி சோலார் நிலையத்தை மட்டும் வேலைக்கு நம்பாதீர்கள். 648 மெகாவாட், ஏறக்குறைய 2,500 ஏக்கர், நம் மாவட்டத்துக்குப் பெருமைதான். ஆனால் சோலார் நிலையம் கட்டும்போது வேண்டிய ஆள்பலம், அது ஓடத் தொடங்கிய பிறகு வேண்டியிருக்காது. தூசி துடைக்கக்கூட அங்கே ரோபோதான்.

பி.இ.யையும் ஒதுக்கிவிட வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். இ.இ.இ., இ.சி.இ. என்ற மின், மின்னணுப் பிரிவுகளில் ஒன்றை எடுத்து, ‘கேட்’ என்ற நுழைவுத் தேர்வு எழுதி மேல்படிப்பில் இந்தத் துறைக்கே வரலாம். “எப்படிச் செய்வது” என்று கேட்கும் பிள்ளைக்கு அது நல்ல வழி. உங்கள் மகள் “ஏன்” என்று கேட்கிறாள். அதனால்தான் என் வாக்கு இயற்பியலுக்கு.

எல்லோரும் கலாம் ஐயாவைக் காட்டுவார்கள். ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, திருச்சி செயின்ட் ஜோசப்பில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவர். முடித்த பிறகுதான் தனக்கு வேண்டியது பொறியியல் என்று உணர்ந்து சென்னை எம்.ஐ.டி.க்குப் போனார். அந்த ஃபீஸுக்கு அவருடைய அக்கா நகையை அடகு வைத்தார். இதை நான் சொல்வது உங்கள் நகைக்காக இல்லை! நடுவில் திசை மாற்றிக்கொள்ள அன்றே வழி இருந்தது. இன்று எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவர் ‘கேட்’ எழுதி, பொருள் அறிவியல் சார்ந்த எம்.டெக்.கில் சேர முடிகிறது.

ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். படகுக்கடன் எவ்வளவு பாக்கி? மூன்று வருஷத்தில் அவள் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், நான் சொன்ன கணக்கு மாறும். அப்போது பாலிடெக்னிக்கில் டிப்ளமோ இ.இ.இ. சேர்த்துவிட்டு, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.க்கு அனுப்பலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடிவை அவளிடம் மறைக்காமல், கடன் கணக்கை முன்னால் வைத்துப் பேசி எடுங்கள். எண்ணைப் பார்த்தால் புரிந்துகொள்ளும் பிள்ளை அவள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பம், பி.இ. கலந்தாய்வு விண்ணப்பம் இரண்டையும் ஆன்லைனில் போட்டுவிடுங்கள். போட்டு வைத்தால் பின்னால் யோசித்துக்கொள்ளலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே கேளுங்கள். கடைசி வாரம் கூட்டம் தாங்காது. பி.எஸ்சி.யில் பிசிக்ஸ் எடுத்தால் கணிதம் துணைப் பாடமாக இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள், ஜாம் தேர்வுக்கு அது முதுகெலும்பு. கல்லூரிக்கு நேரில் போய், செய்முறை ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுவர் பூச்சைப் பார்க்காதீர்கள், கருவிகள் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூன் 14ஆம் தேதி தடைக்காலம் முடிகிறது. அதன் பிறகு உங்கள் வீட்டுக்காரரைக் கரையில் பிடிக்க முடியாது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக ராமநாதபுரம் வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன். அவள் மறக்காமல் அந்த நோட்டை எடுத்து வரட்டும். ஏப்ரல், மே கணக்கையும் எழுதியிருந்தால், பேனல் சூட்டை அளக்க என்னிடம் ஒரு வெப்பமானி இருக்கிறது, அதைத் தருகிறேன். இனி அவள் எழுதும்போது கரன்ட் பக்கத்திலேயே சூட்டையும் எழுதலாம்.