ஏபி தேர்வு எழுதுவோர் எண்ணிக்கை ஒரு அரசு ஹைஸ்கூலின் தரத்தைச் சொல்லுமா?

கேள்வி: அமெரிக்காவில் பள்ளித் தரவரிசைப் பட்டியல்கள் பலவும், ஏபி, ஐபி தேர்வுகளை எத்தனை மாணவர்கள் எழுதுகிறார்கள் என்பதை வைத்து அரசு ஹைஸ்கூல்களை மதிப்பிடுகின்றன. இது நியாயமான அளவுகோலா? வீடு வாங்கும்போது இதை நம்பலாமா?

ஓரளவு நம்பலாம், அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்று தெரிந்திருந்தால். கடினமான வகுப்புகளின் கதவைப் பள்ளி எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது என்பதை அது சொல்லும். கதவுக்கு உள்ளே பாடம் எப்படி நடக்கிறது என்று அதைக் கேட்டால் பதில் வராது. பட்டியல் போடுகிறவர்கள் முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதன் பெயரில் விற்கிறார்கள், சிக்கல் அங்கேதான்.

புதிதாக வந்தவர்களுக்கு: ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு ஹைஸ்கூல் பிள்ளைகளுக்காக நடத்தும் கல்லூரி நிலைப் பாடத்திட்டம், 1955 முதல் இருக்கிறது. வருடம் முழுக்க வகுப்பு, மே மாதம் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 வாங்கினால் பொதுவாகத் தேர்ச்சி என்பார்கள். ஐபி (இண்டர்நேஷனல் பக்கலாரியேட்) அதுபோன்ற சர்வதேசப் பாடத்திட்டம், அதில் அளவு 1 முதல் 7 வரை, அங்கே 4 தேர்ச்சி.

எழுதுவோர் எண்ணிக்கையை அளவுகோலாக்கியவர் வாஷிங்டன் போஸ்டில் கல்வி எழுத்தாளராக இருந்த ஜே மேத்யூஸ். 1982-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு ஹைஸ்கூலில் ஹைமே எஸ்கலாந்தே என்ற ஆசிரியரிடம் படித்த 18 பேர் ஏபி கால்குலஸில் தேர்ச்சி பெற்றார்கள். ஏழை மெக்சிகன் குடும்பத்துப் பிள்ளைகள். காப்பியடித்திருப்பார்கள் என்று 14 பேர் மீது சந்தேகம் வந்தது, 12 பேர் மறுபடி எழுதி மறுபடியும் தேறினார்கள். இந்தப் பள்ளியைப் பல ஆண்டுகள் கவனித்த மேத்யூஸ், சாதாரணப் பிள்ளைகளுக்கும் கடினப் பாடத்தைத் திறந்துவிடும் பள்ளிகளை அடையாளம் காட்டவேண்டும் என்று நினைத்தார். அப்படி வந்ததுதான் 1998-ல் நியூஸ்வீக்கில் வெளியான சேலஞ்ச் இண்டெக்ஸ். சூத்திரம் ஒரு வரிதான்: ஓர் ஆண்டில் அந்தப் பள்ளியில் எழுதப்பட்ட மொத்த ஏபி, ஐபி, கேம்பிரிட்ஜ் தேர்வுகளை, அந்த ஆண்டு பட்டம் பெறும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 1-ஐத் தொட்டால் பட்டியலில் இடம்.

தேர்ச்சி விகிதத்தை ஏன் சேர்க்கவில்லை என்று அவரைக் கேட்காதவர் இல்லை. அவர் காரணம் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு உடனே புரியும். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட, சுமாராகப் படிக்கிற பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தி வைப்பது, அல்லது டிசி கொடுத்து அனுப்புவது என்ற பழைய வித்தை நமக்குத் தெரியும். அங்கேயும் அதேதான். ஏ கிரேடு வாங்கியவரை மட்டும், ஆசிரியர் சிபாரிசு இருந்தால் மட்டும் ஏபி வகுப்பில் உட்காரவைத்தால் தேர்ச்சி 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். எழுதியவர்களை எண்ணினால் அந்த வித்தை பலிக்காது. இந்த அளவில் மேத்யூஸ் சொன்னது சரி என்பதே என் கருத்து.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கற்பனைப் பள்ளிகள், இரண்டிலும் 400 பேர் பட்டம் பெறுகிறார்கள். முதல் பள்ளியில் 1,000 தேர்வுகள் எழுதப்பட்டு, 40 சதவீதம் தேர்ச்சி. இண்டெக்ஸ் 2.5, பட்டியலில் நல்ல இடம். இரண்டாவதில் 380 தேர்வுகள், 90 சதவீதம் தேர்ச்சி. இண்டெக்ஸ் 0.95, பட்டியலிலேயே இல்லை. ஆனால் 3 அல்லது அதற்கு மேல் வந்த தாள்களை எண்ணினால் முதல் பள்ளியில் 400, இரண்டாவதில் 342. முதல் பள்ளிதான் மேல் என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

முதல் பள்ளிக்குள் 90 பேர் படிக்கும் மேக்னட் பிரிவு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவட்டம் முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த பிள்ளைகள், தலைக்கு நான்கு தேர்வு எழுதித் தேறுகிறார்கள். அந்த 400 தேர்ச்சியில் பெரும்பகுதி அவர்கள் கணக்கு. உங்கள் வீட்டு முகவரியை வைத்து அந்தப் பள்ளிக்குப் போகும் பிள்ளை சேர்வது மீதி 310 பேரோடு. மேத்யூஸின் சூத்திரம் தாள்களை எண்ணுகிறது, தலைகளை அல்ல. இதற்கு மாற்றாகக் காலேஜ் போர்டே ஓர் எண் வைத்திருக்கிறது: பட்டம் பெறும் மாணவர்களில், நான்கு ஆண்டுகளில் ஒரு ஏபி தேர்விலாவது 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்பது. மேக்னட் பிள்ளை ஒருவர் பத்துத் தேர்வில் தேறினாலும் இதில் ஒன்றுதான். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இண்டெக்ஸ் 2.5, இந்த விகிதம் 24 சதவீதம் என்று வந்தால், அந்தக் கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன என்று அர்த்தம்.

அடுத்த ஓட்டை வகுக்கும் எண்ணில். பட்டம் பெறுகிறவர்களால் வகுப்பதால், பாதியில் நின்றவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. முதல் பள்ளியில் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் 560 பேர் சேர்ந்திருந்தால்? 1,000-ஐ 560-ஆல் வகுத்தால் 1.79. அதாவது 160 பேரைத் தொலைத்ததற்குப் பள்ளிக்குக் கிடைத்த பரிசு 0.7 புள்ளி. 2006-ல் கல்விக் கொள்கை ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ரோதர்ஹாம், சாரா மீட் இருவரும் இதைத்தான் போட்டு உடைத்தார்கள்: இடைநிற்றல் அதிகமுள்ள, ஏழை மாணவர்களும் மற்றவர்களும் பெறும் மதிப்பெண்ணுக்கு இடையே பெரும் பள்ளமுள்ள பள்ளிகளும் 'சிறந்தவை' பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன என்று. குறை வைக்காத பதில் அதற்கு இன்றுவரை வரவில்லை என்பேன். பாடச்சுமை தாங்காமல் மாணவர்கள் வேறு பள்ளிக்கு மாறிப்போகும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துபவை) இதே கணக்குப் பொருந்தும்.

எந்தப் பாடம் எழுதுகிறார்கள் என்பதையும் சூத்திரம் பார்க்காது. ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் ஏபி ஹியூமன் ஜியாகிரபியில் போட்டுவிட்டால், 350 பிள்ளைகள் எழுதினாலே 400-க்கு 0.875 வந்துவிடுகிறது. எகனாமிக்ஸ் ஒரே ஆண்டில் மைக்ரோ, மேக்ரோ என்று இரண்டு தேர்வு. பிசிக்ஸ் சி-யில் மெக்கானிக்ஸ், எலெக்ட்ரிசிட்டி அண்ட் மேக்னடிசம் என்று இரண்டு. அதைவிடப் பாரமான கால்குலஸ் பிசி ஒரே தேர்வு, ஒரே எண். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளை ஏபி ஸ்பானிஷ் எழுதித் தேறினால் பள்ளியின் தேர்ச்சி விகிதமும் ஏறும். பிள்ளைக்கு அது நியாயமான கிரெடிட், ஆனால் பாடம் சொல்லிக்கொடுத்தது பாட்டி. (ஏபியில் தமிழ் இல்லாததால் நம் பாட்டிகளுக்கு அந்தப் பெருமை இல்லை.)

ஏபி வகுப்பில் உட்காருவதும் தேர்வு எழுதுவதும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏபி வகுப்புக்குப் பல பள்ளிகள் ஜிபிஏ என்ற சராசரி கிரேடு கணக்கில் கூடுதல் புள்ளி தருகின்றன, தேர்வு எழுதாவிட்டாலும் அது கிடைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில், கல்லூரி இடம் கிடைத்த பிறகு மே மாதத் தேர்வுக்கு மெனக்கெடாதவர்கள் ஏராளம். கட்டணமும் இருக்கிறது. 2025 மே தேர்வுக்கு ஒன்றுக்கு 99 டாலர், ஐந்து எழுதினால் 495. வசதி குறைந்த குடும்பங்களுக்குக் காலேஜ் போர்டு 37 டாலர் குறைக்கிறது. மீதியை மாநிலமோ மாவட்டமோ கட்டும் இடங்களில் எழுதுவோர் எண்ணிக்கை எகிறும். ஃப்ளோரிடாவில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு தேர்வுக்கும் பள்ளி மாவட்டத்துக்குக் கூடுதல் நிதி, ஆசிரியருக்கு 50 டாலர் போனஸ் என்று சட்டமே இருக்கிறது. அந்த மாநிலப் பள்ளிகள் இத்தகைய பட்டியல்களில் குவிவதற்கு இதற்கும் பங்கு உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் ஒப்பிடும்போது நீங்கள் பார்ப்பது பாதிக்குப் பாதி யார் பணம் கட்டுகிறார்கள் என்பதைத்தான்.

மறுபக்கமும் உண்டு. ஏபி எழுதாததால் மோசமாகத் தெரியும் நல்ல பள்ளிகள். நியூயார்க்கின் ஸ்கார்ஸ்டேல் ஹைஸ்கூல் 2007 வாக்கில் ஏபியை விட்டு 'அட்வான்ஸ்டு டாபிக்ஸ்' என்று தன் பாடத்திட்டத்துக்கு மாறியது. அதை யாரும் மட்டமான பள்ளி என்று சொல்லமாட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில், அதாவது சியாட்டில், ரெட்மண்ட் பக்கம், ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்விக் கட்டணம் இல்லாமல் கம்யூனிட்டி காலேஜிலேயே படிக்கலாம். உண்மையான கல்லூரி வகுப்பு, உண்மையான கிரெடிட், ஏபி கணக்கில் பூஜ்யம்.

தேர்ச்சி பெறாவிட்டாலும் எழுதுவதே பலன் தரும் என்பது மேத்யூஸ் தரப்பின் உயிர்நாடி. இதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் தரவை வைத்து 2004-ல் சால் கெய்சரும் வெரோனிகா சான்டெலிசஸும் செய்த ஆய்வில், எத்தனை ஏபி வகுப்புகள், ஆனர்ஸ் (சாதாரண வகுப்பைவிடக் கடினமான) வகுப்புகள் எடுத்தார்கள் என்பதற்கும் கல்லூரியில் எப்படிப் படித்தார்கள் என்பதற்கும் சொல்லும்படி தொடர்பு இல்லை. ஏபி தேர்வு மதிப்பெண்ணுக்குத்தான் வலுவான தொடர்பு இருந்தது. நம் முதல் பள்ளியில் தேறாத 600 தேர்வுகளுக்கு 59,400 டாலர் போயிருக்கிறது. கடினமாகப் படித்து 2 வாங்கிய பிள்ளைக்கு அது வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் 1 வாங்குகிறார்கள் என்றால், அந்த அறையில் ஏபி பெயர்ப்பலகை மட்டும்தான் மாட்டப்பட்டிருக்கிறது.

யு.எஸ். நியூஸ் பட்டியல் இதைவிடக் கொஞ்சம் புத்திசாலி. 2019 முதல் அதில் ஏபி, ஐபிக்கு இரண்டு இடங்களில் சேர்த்து 40 சதவீத எடை (கல்லூரித் தயார்நிலை 30, பாடப் பரப்பு 10). மீதி மாநிலத் தேர்வுகள், பின்தங்கிய பிரிவு மாணவர்களின் மதிப்பெண், பட்டம் பெறும் விகிதம். தாளை விட்டுத் தலையை எண்ணுகிறது, எழுதியதைவிடத் தேறியதற்கு மூன்று மடங்கு எடை கொடுக்கிறது. இருந்தாலும் விண்ணப்பித்தவர்களில் பொறுக்கியெடுத்துச் சேர்க்கும் வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் போன்ற பள்ளியையும் தெருமுனைப் பள்ளியையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. மேத்யூஸ் அத்தகைய பள்ளிகளைத் தனியாக ஒதுக்கிவைத்தார், அதில் அவர்தான் நேர்மை.

தேர்ச்சி விகிதத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போதும் ஜாக்கிரதை. 2022 முதல் காலேஜ் போர்டு பல பாடங்களின் மதிப்பெண் எல்லைகளை மாற்றி நிர்ணயித்தது. ஏபி அமெரிக்க வரலாற்றில் நாடு முழுவதும் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் 2023-ல் சுமார் 48 சதவீதம், 2024-ல் சுமார் 72. 'எங்கள் பள்ளி ஒரே வருடத்தில் 20 சதவீதம் முன்னேற்றம்' என்று பிரின்சிபால் ஸ்லைடு காட்டினால், நாடே முன்னேறியிருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். கவுன்சிலர்கள் (பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்கள்) கல்லூரிகளுக்கு அனுப்பும் 'ஸ்கூல் ப்ரொஃபைல்' என்ற இரண்டு பக்க பிடிஎஃப் பெரும்பாலும் பள்ளித் தளத்திலேயே இருக்கும். எத்தனை மாணவர், எத்தனை தேர்வு, எத்தனை சதவீதம் 3 அல்லது அதற்கு மேல் என்று பல பள்ளிகள் அதில் போடுகின்றன. நியூ ஜெர்சியில் இருந்தால் மாநிலத்தின் பள்ளிச் செயல்திறன் அறிக்கையில் ஒவ்வொரு ஏபி பாடத்திலும் சேர்ந்தவர், எழுதியவர் எண்ணிக்கை தனித்தனியாக இருக்கும். 120 பேர் சேர்ந்து 55 பேர் எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அமெரிக்க மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவர மையமான என்சிஇஎஸ் தளத்தில் வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை கிடைக்கும். இந்த ஆண்டின் பன்னிரண்டாம் வகுப்பை, மூன்று கல்வியாண்டுகளுக்கு முந்தைய ஒன்பதாம் வகுப்போடு ஒப்பிடுங்கள்.

பாடவாரியாகக் கிடைத்தால் கால்குலஸை முதலில் பார்க்காதீர்கள். நம்மவர்களும் சீனர்களும் அதிகம் வாழும் புறநகர்களில் கால்குலஸ் மதிப்பெண்ணில் பாதி, கூமான், ரஷ்யன் மேத் போன்ற டியூஷன் மையங்களுக்குப் பெற்றோர் கட்டிய பணம். பதினொன்றாம் வகுப்பில் நடுத்தரப் பிள்ளைகளும் எடுக்கும் ஏபி இங்கிலீஷ் லாங்குவேஜைப் பாருங்கள். அதற்கு வெளி டியூஷன் போகிறவர்கள் குறைவு, பள்ளி ஆசிரியரின் கைவண்ணம் அதில்தான் தெரியும். எழுதுவோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயும் தேர்ச்சி விழாமல் நிற்கிறதென்றால், எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும் அது நல்ல பள்ளி.

பிறகு ஒருமுறை கவுன்சிலரிடம் நேரில் பேசுங்கள். ஏபியில் சேர சிபாரிசு வேண்டுமா, பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதுமா? கட்டணம் யார் கட்டுகிறார்கள்? அக்டோபரில் பிள்ளை சி வாங்கினால் என்ன செய்வீர்கள்? தேர்வுத் தாள்களைப் பள்ளி ஆர்டர் செய்யக் கடைசி நாள் நவம்பர் நடுவில் வரும். அதற்குப் பிறகு விலகினால் 40 டாலர் அபராதம். எனவே அக்டோபரிலேயே ஏதாவது முடிவெடுக்கும் ஏற்பாடு பள்ளியிடம் இருக்க வேண்டும். வாரத்தில் எந்த நாள் யார் உட்கார்ந்து உதவுகிறார்கள், ஆனர்ஸ் வகுப்புக்கு மாறினால் கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டில் என்ன தெரியும் என்று தேதியும் பெயரும் சொல்லிப் பதில் வருகிறதா, அல்லது 'எங்களிடம் 28 ஏபி இருக்கிறது' என்று மறுபடி ஆரம்பிக்கிறார்களா என்று பாருங்கள்.