மயிலாப்பூரில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாமா? சங்க நிர்வாகம் எப்படி இருக்கும்?

மாட வீதிகளுக்கு அருகே 1980-களில் கட்டப்பட்ட பத்து வீட்டுக் குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, லிஃப்ட் இல்லை, மாதப் பராமரிப்புக் கட்டணம் 1,500 ரூபாய்தான், எழுபதைத் தாண்டிய பெற்றோரைக் குடிவைக்க வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே வட்டாரத்தில், ஏறக்குறைய அதே வயதும் அளவும் உள்ள குடியிருப்பில் நான் வசிக்கிறேன். சங்கத்தின் பொருளாளர் பொறுப்பையும் சில காலம் பார்த்திருக்கிறேன். இத்தகைய கட்டடத்தில் விலைக்கு வரும் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பதைவிட, பெரிய செலவு ஒன்று வந்தால் மற்ற ஒன்பது உரிமையாளர்களும் சேர்ந்து பணம் போடுவார்களா என்பதே முக்கியம். அதைச் சங்கத்தின் வரவு செலவுப் புத்தகத்தில் பார்த்துவிடலாம்.

1,500 ரூபாய் என்பது உங்களுக்குக் கவர்ச்சியாகத் தெரிகிறது. எனக்கு அது கவலையாகத் தெரிகிறது. பத்து வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய் வரும். அதில் இரவுக் காவலர், கூட்டிப் பெருக்குபவர், பொது மின்கட்டணம், மோட்டார் பழுது, கோடையில் எப்போதாவது ஒரு தண்ணீர் லாரி என்று போனால் மிச்சம் பிடிக்க எதுவும் இராது. பகுதி நேரக் காவலரோடு சமாளித்தாலும், சேமநிதி என்ற ஒன்று அங்கே உருவாகியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே மூன்று ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். வங்கியில் சங்கத்தின் பெயரில் வைப்புத்தொகை இருக்கிறதா, அல்லது செயலாளரின் சொந்தக் கணக்கிலேயே எல்லாம் புரள்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் ஆண்டுதோறும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சிறு குடியிருப்புகளில் பலவும் பதிவு செய்த முதல் சில ஆண்டுகளோடு இதை விட்டுவிடுகின்றன. விட்டுப்போயிருந்தால் அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சரிசெய்யும் வேலை புதிதாக வருபவர் தலையில் விழும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வயதுக் கட்டடங்களில் செலவு மூன்று இடங்களில் வரும்: மொட்டை மாடி, கழிவுநீர்க் குழாய், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி. கம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் கடலை ஒட்டிய ஊர். காற்றில் உப்பு உண்டு. கட்டும்போது கான்கிரீட் கலக்க உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தியிருந்தால் தூணுக்குள்ளேயே உப்பு போயிருக்கும். உப்பில் உள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பருமன் அதிகம் என்பதால் அது மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சன் ஷேடின் அடிப்பக்கம், படிக்கட்டின் அடிப்பக்கம், தரைத்தளத் தூண்களின் கீழ்ப்பகுதி ஆகிய மூன்றையும் பகலில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூணின் நீளவாக்கில் நேர்கோடாக விரிசல் ஓடினால் அது பூச்சு விரிசல் அன்று. புதிதாக வெள்ளையடித்த கட்டடம் என்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் செல்வது நல்லது. வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அவருக்குத் தரும் கட்டணம் ஒன்றுமே இல்லை.

மற்ற இரண்டும் பணத்தைவிட மனிதர்களைச் சார்ந்தவை. எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடித் தட்டோடுகள் பெயர்ந்து, மேல்தளத்தில் இரண்டு வீடுகளில் மழைக்காலம் முழுவதும் ஒழுகிக்கொண்டிருந்தது. பொதுக்குழுவில் பேச்செடுத்ததும் தரைத்தளத்து மாமி எழுந்து, “மழை மாடியிலதானே ஒழுகறது, எங்காத்துல ஒரு சொட்டு விழலையே, நான் எதுக்குக் குடுக்கணும்?” என்றார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், அவர் வாசலில் அடைத்துக்கொண்டு வழிந்த பழைய கழிவுநீர்க் குழாயை மாற்ற மேல்தளத்துக்காரர்கள் பணம் தர மறுத்திருந்தார்கள். “சாக்கடை உங்க வாசல்லதானே மாமி வழியறது” என்று அவரிடமே சொன்னவர்கள் இப்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். சட்டப்படி பார்த்தால் இரண்டுமே பொதுச் சொத்து. மொட்டை மாடி மேல்தளத்துக்குச் சொந்தமன்று, குழாய் தரைத்தளத்துக்குச் சொந்தமன்று. ஆனால் சட்டத்தைப் படித்துக் காட்டி யாரிடமும் பணம் வாங்க முடியவில்லை. மாடித் தளத்தையும் குழாயையும் ஒரே தீர்மானமாக, ஒரே மதிப்பீடாக, ஒரே வசூலாகக் கொண்டுவந்த பிறகுதான் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். மாமிதான் முதலில் காசோலை கொடுத்தார். நீங்கள் பார்க்கப்போகும் குடியிருப்பின் தீர்மானப் புத்தகத்தில் இதுபோன்ற ஒரு சண்டையும் அது முடிந்த விதமும் எழுதப்பட்டிருந்தால் நான் அதை நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்வேன். ஒரு சண்டையுமே இல்லாத புத்தகம் என்றால் கூட்டமே நடக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

செலவைப் பங்கிடும் முறையையும் கேட்டுவையுங்கள். பெரிய பழுதுபார்ப்பை யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கின் விகிதத்திலும், காவல், துப்புரவு போன்றவற்றை வீட்டுக்குச் சமமாகவும் பிரிப்பது நியாயம் என்பது என் கருத்து. பொது மின்கட்டணத்தில் உங்களுக்கு ஒரு சலுகை உண்டு. 2022-இல் பொது இணைப்புக்கான கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். எதிர்ப்பு வந்த பின் 2023 இறுதியில், பத்து வீடுகளுக்கும் மூன்று தளங்களுக்கும் மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அதன்பின் கட்டணம் ஏறியிருந்தாலும் அந்தத் தனிப்பிரிவு முக்கியம். சங்கம் இதற்கு விண்ணப்பித்ததா என்று மின் கட்டண ரசீதில் பார்த்தாலே தெரியும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் சம்ப்புக்குள், அதாவது தரையடித் தொட்டிக்குள், எவ்வளவு ஏறுகிறது என்பதைக் காலையில் நேரில் போய்ப் பாருங்கள். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழிகளில் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன; தூர்வாரிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்து மழைநீரை உள்ளே விடாவிட்டால் உப்பு ஏறிவிடும் என்பதை அந்த வட்டாரத்தில் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, குளியலறைக் குழாயே சொல்லும்.

பத்திரத்துக்கு வருகிறேன். மயிலாப்பூரில் இதைப் புறநகரில் பார்ப்பதுபோல் பார்க்கக் கூடாது. அங்கே கணிசமான மனைகள் கபாலீசுவரர் கோயிலுக்கும் பிற அறக்கட்டளைகளுக்கும் சொந்தமானவை. தலைமுறை தலைமுறையாகக் குத்தகையில் இருப்பவர்கள் உண்டு. அறநிலையத் துறைச் சட்டம், 1959-இன் 34-ஆம் பிரிவின்படி கோயில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கே ஆணையரின் அனுமதி வேண்டும், விற்பனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனவே முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாமல், மூலப்பத்திரம் எங்கே தொடங்குகிறது என்று வழக்கறிஞரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது யு.டி.எஸ்.; பத்து வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த மனை வரவேண்டும். அக்காலத்துச் சில கட்டுநர்கள் பழைய தனி வீட்டை இடித்துக் கட்டும்போது ஒரு பங்கைத் தங்களிடமோ நில உரிமையாளரிடமோ நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பங்கின் வாரிசுகள் பின்னாளில் மொட்டை மாடி தமக்குரியது என்று வந்து நிற்பார்கள். கார் நிறுத்தத்தைத் தனியே விலை பேசினால் எச்சரிக்கையாக இருங்கள். தூண்களுக்கு இடையிலான திறந்த நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அறுபத்துமூவர் விழா அன்று காரை வெளியே எடுக்கவே முடியாது என்பது வேறு விஷயம்.

“நாலைந்து வருடத்தில் இடித்துப் புதிதாகக் கட்டிவிடுவார்கள், அப்போது விலை இரட்டிப்பாகும்” என்று தரகர் உங்களிடம் சொல்லியிருப்பார். பாதி உண்மை. முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம், 2022-இன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். 2019-இன் கட்டட விதிகளும் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-இலிருந்து 2-ஆக உயர்த்தின. ஆனால் கட்டுநர் முன்வருவது கூடுதலாகக் கிடைக்கும் பரப்பை விற்றுச் செலவை ஈடுகட்டத்தான். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட பகுதியில் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஒழுங்குமுறைகளில் நெடுங்காலமாக உண்டு. அந்த எல்லைக்குள் உங்கள் தெரு வந்தால், கீழே கார் நிறுத்த ஒரு தளத்தை விட்டபின் இப்போதுள்ள பத்து வீட்டைத் திரும்பக் கொடுப்பதே கடினம். விற்க என்ன இருக்கும்? கோபுரம் தெரியும் தெருவில் வாழ்வதற்கான விலை அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன், விதியைக் குறை சொல்ல மாட்டேன். சி.எம்.டி.ஏ.வில் உங்கள் புல எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, எல்லைக்குள் வருகிறது என்றால் இந்தக் கட்டடத்தைத்தான் இன்னும் இருபது ஆண்டு பழுதுபார்த்துக் காப்பாற்றப் போகிறோம் என்ற கணக்கில் விலை பேசுங்கள்.

உரிமையாளர்களில் எத்தனை பேர் அங்கே வசிக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களே அதிகம். அவர்கள் பணம் அனுப்பத் தயங்குவதில்லை, கையெழுத்துத்தான் கிடைக்காது. அதனால் எங்கள் சங்கத்தில் ஒவ்வொருவரும் உள்ளூரில் ஒரு பிரதிநிதியை எழுத்துப்பூர்வமாக நியமிக்க வேண்டும் என்று துணைவிதியில் சேர்த்தோம். திருமயிலை மெட்ரோ நிலையத்துக்காக இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் இடத்தில் தோண்டும் வேலை நடப்பதால், சுவர்களில் இப்போது உள்ள விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து வைக்கும்படியும் நீங்கள் சேரப்போகும் சங்கத்திடம் சொல்லுங்கள்.

இவை எல்லாம் தேறினாலும், உங்கள் பெற்றோருக்கு அந்த இரண்டாம் மாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிப்பக்கம் லிஃப்ட் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால், அதற்குக் கட்டடத்தைச் சுற்றி விட்ட காலியிடத்தில் இடமும், சி.எம்.டி.ஏ. அனுமதியும், தரைத்தளத்தார் சம்மதமும் வேண்டும்; தவிர, லிஃப்ட் வந்தால் நான் மேலே சொன்ன மின்கட்டணச் சலுகையும் போய்விடும். இதே குடியிருப்பிலோ அடுத்த தெருவிலோ முதல் மாடியில் வீடு வருமா என்று சங்கச் செயலாளரிடம் சொல்லிவையுங்கள். அந்த வட்டாரத்தில் வீடுகள் விளம்பரத்துக்கு வருமுன் சங்கச் செயலாளர்கள் வாய்வழியாகத்தான் கைமாறுகின்றன.